கரண்ட் போய் வந்தால் ஷேர் டிரைவ் கிடைக்கவில்லை: பிழை 53

மார்த்தாண்டம், ஆல்பம் ஸ்டுடியோ:
கடையில மூணு கம்ப்யூட்டர். கல்யாண ஆல்பம் எல்லாம் ஒரு பிசியில ஷேர் போட்டு, மத்ததுல இசட் டிரைவா வச்சிருக்கோம். ஆன் பண்ணினதும் டிரைவைத் தானா இணைக்கிற சின்ன இலவச மென்பொருள் ஒண்ணு போட்டிருக்கு. ஐப்பசி இடிமழை தொடங்கினதுல இருந்து கரண்ட் போய் வந்தாலே பிழை 53. புதுசா வாங்கின விண்டோஸ் 11 ப்ரோ லேப்டாப்ல வேற தொல்லை: பாஸ்வேர்டே இல்லாத ஷேருக்குப் பாஸ்வேர்ட் கேக்குது. மென்பொருளை மாத்தணுமா?

நாகர்கோவில், நெட்வொர்க் வேலை:
மாத்த வேண்டாம் அண்ணே. கமாண்ட் ப்ராம்ப்ட்ல 'நெட் யூஸ்' அடிச்சா நடக்கிறதைத்தான் அந்த மென்பொருளும் செய்யுது. வேற எதைப் போட்டாலும் இதே 53 வரும். அந்த விலாசத்துல ஆள் கிடைக்கலைன்னு அர்த்தம். பாஸ்வேர்ட் வரைக்கும் போகவே இல்ல.

மென்பொருள்ல ஆல்பம் பிசியோட பேரு குடுத்திருக்கா, ஐபி நம்பரா (நெட்வொர்க்ல அந்த பிசியோட விலாச எண்)?

மார்த்தாண்டம்:
நம்பர்தான். 192.168.1.5.

நாகர்கோவில்:
அதுதான் காரணமா இருக்கும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் புதுசா நம்பர் பங்கு வைக்கும்போது 5 லேப்டாப்புக்குப் போயிருக்கலாம். ஆல்பம் பிசியில 'ஐபிகான்ஃபிக்' அடிச்சு இப்போதைய நம்பரைப் பாருங்க. மாறியிருந்தா ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல, நம்பர் பங்கு வைக்கிற டிஹெச்சிபி பகுதியில, 'அட்ரஸ் ரிசர்வேஷன்' இருக்கும். ஆல்பம் பிசியோட மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க் கார்டோட மாறாத அடையாள எண்) ஒரு நம்பரை நிரந்தரமா ஒதுக்கி, அதையே மென்பொருள்ல குடுங்க.

நம்பர் மாறலைன்னா ஆல்பம் பிசியில நெட்வொர்க் 'பப்ளிக்'னு மாறியிருக்கான்னு பாருங்க. ரவுட்டரை மாத்தினா அப்படி ஆகும். பப்ளிக்ல இருந்தா ஃபயர்வால் ஷேர் போய் வர்ற வழியான 445-ம் போர்ட்டை அடைச்சு வைக்கும். 'பிரைவேட்' ஆக்கணும்.

தக்கலை:
லேப்டாப் விஷயம் நான் சொல்றேன். விண்டோஸ் 11, 24ஹெச்2 பதிப்புல இருந்து ப்ரோவுலயும் கெஸ்ட்டா, அதாவது பாஸ்வேர்ட் இல்லாம, ஷேருக்குள்ள நுழையறதை அடைச்சுட்டாங்க. ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸோட உள் அமைப்புகள் இருக்கிற இடம்) அதைத் திறந்து விடலாம்னு யாராவது சொன்னா தயவுசெய்து செய்யாதீங்க. பழைய, பாதுகாப்பில்லாத ஷேரிங் முறையான எஸ்எம்பி 1-ஐயும் ஆன் பண்ணாதீங்க. வாடிக்கையாளர் படம் முழுக்க அந்த ஷேர்லதான் கிடக்கு.

ஆல்பம் பிசியில 'ஸ்டுடியோ'ன்னு ஒரு லோக்கல் யூஸர் உண்டாக்கி, கட்டாயம் பாஸ்வேர்ட் வையுங்க. பாஸ்வேர்ட் இல்லாத லோக்கல் அக்கவுண்டை விண்டோஸ் நெட்வொர்க் வழியா விடாது. பின் நம்பரும் செல்லாது, அது அந்த மெஷினோட முடிஞ்சு போகும். பிறகு ஃபோல்டர்ல ரெண்டு இடத்துலயும் அனுமதி குடுக்கணும்: ஷேரிங்ல 'சேஞ்ச்', செக்யூரிட்டியில 'மாடிஃபை'. ஒண்ணுல 'ரீட்' மட்டும் இருந்தா ஃபைல் திறக்கும், சேவ் ஆகாது.

மார்த்தாண்டம்:
நம்பர் மாறித்தான் கிடந்தது, 9 ஆயிருந்தது. ஒதுக்கியாச்சு, 53 போயிட்டு. புது யூஸர் குடுத்தா பழைய பிசியில 1219 வருது. லேப்டாப்ல மென்பொருள் 'இணைந்தது'ன்னு காட்டுது, ஆனா எக்ஸ்ப்ளோரர்ல இசட் டிரைவையே காணல.

தக்கலை:
1219: ஒரே பிசிக்கு ரெண்டு யூஸர் பேருல ஒரே நேரத்துல போக முடியாது. 'நெட் யூஸ் * /டெலிட்' அடிங்க, விண்டோஸ் பாஸ்வேர்ட் சேத்து வைக்கிற கிரெடென்ஷியல் மேனேஜர்ல ஆல்பம் பிசி பேருலயோ நம்பர்லயோ கிடக்கிற பழைய பதிவை அழிங்க, லாக் ஆஃப் பண்ணிட்டு வாங்க.

நாகர்கோவில்:
டிரைவைக் காணலைன்னா மென்பொருள் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'ல ஓடுது. அட்மின் உரிமையில இணைச்ச டிரைவ் சாதாரண எக்ஸ்ப்ளோரருக்குத் தெரியாது. ஷார்ட்கட்ல அந்த டிக்கை எடுத்தா போதும். டாஸ்க் ஷெட்யூலர்ல (நேரம் வச்சு தானா ஓட வைக்கிற விண்டோஸ் வசதி) ஓட விட்டிருந்தா 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக்கையும் எடுத்துட்டு, லாக் ஆன் ஆனப்புறம் 30 செகண்ட் தாமதம் வையுங்க. வைஃபை பிடிக்கிறதுக்கு முன்னாடியே இணைக்கப் போய்தான் காலையில டிரைவ் மேல சிவப்பு எக்ஸ் விழும்.

இன்னொண்ணு. பிசிக்கு மட்டும் யுபிஎஸ் இருந்து, ரவுட்டரும் ஸ்விட்சும் நேர் கரண்ட்ல இருந்தா, சேவ் பண்ற நடுவுல லைன் அறுந்து ஃபோட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைல் பாதியில நிக்கும். அந்த ரெண்டு அடாப்டரையும் இன்னைக்கே யுபிஎஸ்ல மாட்டிடுங்க அண்ணே.