புதுப்பிப்பு: எங்க மக எங்ககிட்ட வந்து ஆறு மாசம்

ரெண்டு வருஷம் முன்னாடி இங்க எழுதியிருந்தேன்ல, தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து நானும் வீட்டுக்காரரும் இந்தியாவுல காது கேக்காத ஏழு வயசுப் பொண்ணைத் தத்தெடுக்க ஃபைல் போட்டுருக்கோம்னு, நெறைய பேரு என்னாச்சுன்னு கேட்டீங்க. வந்துட்டா! டர்பன் சாட்ஸ்வொர்த்துல இருக்கற எங்க வீட்டுக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு.

பேப்பர் வேலைதான் இழுத்துச்சு. ரெண்டு நாடும் ஹேக் ஒப்பந்தத்துல (நாடு விட்டு நாடு தத்தெடுக்கறதுக்கான சர்வதேச ஒப்பந்தம்) இருக்கறதால இங்க சமூக வளர்ச்சித் துறையும் அங்க காராவும் (இந்திய அரசோட தத்தெடுப்பு அமைப்பு) ஒத்துக்கணும். அஞ்சு வயசு முடிஞ்ச புள்ளைன்னா அதோட சம்மதமும் கேக்கணும், எனக்கு ரொம்பப் புடிச்ச விதி இது.

வந்த புதுசுல தலகாணிக்கு அடியில ரொட்டித்துண்டு ஒளிச்சு வெப்பா. குழந்தைகள் காப்பகத்துல வளந்த புள்ளைங்க இப்படிச் செய்யறது உண்டு, பிடுங்காதீங்கன்னு சோஷியல் ஒர்க்கர் சொன்னாங்க, அதனால கட்டில் பக்கத்துல ஒரு பிஸ்கட் டப்பா வெச்சு எப்ப வேணா எடுத்துக்கலாம்னு சைகைல சொன்னோம், ராத்திரி எந்திரிச்சு டப்பா இருக்கான்னு தொட்டுப் பாப்பா, எனக்கு நெஞ்சு அடைச்சுரும். இப்ப மூணு வாரமா டப்பா பக்கமே போகல.

இந்திய சைகை மொழி வேற, இங்கத்தது வேற (2023ல இங்க 12வது அரசு மொழியா ஆக்கினாங்க), அதனால மூணு பேரும் ஒண்ணாக் கத்துக்கறோம். நேத்து என் மாமியாருக்கு 'ஆயா'ன்னு (பாட்டின்னு) எப்படிக் காட்டணும்னு அவளே விரலப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தா.

புள்ள இங்க எப்படி இருக்கான்னு ஃபாலோ-அப் ரிப்போர்ட் ரெண்டு வருஷம் போகணும், மொத வருஷம் மூணு மாசத்துக்கு ஒண்ணு, அடுத்த வருஷம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. ரெண்டு அனுப்பியாச்சு.