சங்கு தெரிந்தது, ஆள் தெரியவில்லையா? 2024 பொது வேட்பாளரும் ஊடகங்களும்

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)

2024 செப்டம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில், தமிழ்க் கட்சிகள் சிலவும் சிவில் அமைப்புகளும் சேர்ந்து நிறுத்திய தமிழ்ப் பொது வேட்பாளராகப் பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். நாடு முழுவதும் அவருக்குக் கிடைத்தது 2,26,343 வாக்குகள், அதாவது 1.7 வீதம். இதை வைத்து "தமிழ் மக்கள் பொது வேட்பாளரை நிராகரித்துவிட்டார்கள்" என்று இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மாவட்டக் கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் அவருக்கு 1,16,688. அங்கே முதலிடம் வந்த சஜித் பிரேமதாசவுக்கு 1,21,177. வித்தியாசம் 4,489 வாக்குகள்தான். ஆனால் அவருடைய சொந்த மாவட்டமான எங்கள் மட்டக்களப்பில் 36,905. 12 வீதம்கூட வரவில்லை. ஒரே ஆள், ஒரே சின்னம், ஒரே கோரிக்கை. பிறகு ஏன் இந்த இடைவெளி?

செய்தி போய்ச் சேரவில்லை என்பதுதான் என் பதில். தேர்தலுக்கு முந்தைய வாரம் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நான்கு ஊர்களுக்குப் போனேன். சங்கு என்றால் பலருக்குத் தெரிந்தது. அது யாருடைய சின்னம், ஏன் கேட்கிறார், வென்று ஜனாதிபதி ஆவதற்கா, வேறு எதற்கா என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் மாலைச் செய்தி முழுவதும் மூன்று முகங்கள்தான். அநுர, சஜித், ரணில். நான்காவதாக ஒருவர் வந்தால் அது நாமல். எங்கள் ஆளை ஒரு நிமிடம் காட்டிய நாள் எனக்கு நினைவில்லை.

நல்லூரான் (யாழ்ப்பாணம்)

தம்பி, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் அரியநேத்திரனை மட்டக்களப்பில் அறிமுகம் இல்லாதவர் என்று சொல்வதை ஏற்க முடியாது. 2004 முதல் 2015 வரை அந்த மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். கோயில் திருவிழா, மரண வீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று எல்லா இடத்திலும் பார்த்த முகம். தெரியாமல் விட்டார்கள் என்றால் அது வாக்காளரின் புத்தியைக் குறைத்து மதிப்பிடுவது.

தெரிந்துதான் விட்டார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிப்பதாக முடிவெடுத்தது. அரியநேத்திரனோ அதே கட்சிக்காரர். கட்சியின் சின்னம் வீடு. வீடு ஒரு பக்கம், வீட்டுக்காரர் இன்னொரு பக்கம். சனம் என்ன செய்யும்? கிழக்கில் தமிழர் தனித்து நின்றால் என்ன ஆகும் என்ற பயம் வடக்கை விட அதிகம். அதனால் தோற்காத பக்கம் போனார்கள். இது அரசியல் முடிவு.

இன்னொன்று. 1982 ஜனாதிபதித் தேர்தலில் குமார் பொன்னம்பலம் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் நின்றார். இணையம் இல்லை, வட்ஸ்அப் இல்லை. ஆனாலும் மட்டக்களப்பு மாவட்டத்தில் 47 ஆயிரத்துக்கு மேல் எடுத்தார். அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவுக்கும் அவருக்கும் அங்கே ஆயிரம் வாக்குகள் அளவில்தான் இடைவெளி. ஊடகம்தான் காரணம் என்றால், இவ்வளவு ஊடகம் இல்லாத காலத்தில் அவருக்கு எப்படி விழுந்தது?

வெள்ளவத்தை வாசகி

நான் பதினொரு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள். பெயர் வேண்டாம். எப்படி ஒரு வேட்பாளர் பக்கத்திலிருந்து விழுகிறார் என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன், அதை மட்டும் சொல்கிறேன்.

யாரும் கூடிப் பேசி "இவரைப் போடாதே" என்று முடிவெடுப்பதில்லை. பெரிய வேட்பாளரின் கூட்டத்துக்கு அவர்களே வாகனம் அனுப்புவார்கள். படம் நான்கு மணிக்கே மின்னஞ்சலில் வந்துவிடும், மூன்று மொழியிலும் அறிக்கையோடு. சின்ன வேட்பாளரின் செய்தி இரவு ஒன்பது மணிக்குப் பிராந்திய நிருபரிடமிருந்து வரும். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வெளியான செய்திக்குத்தான் காசு. எது பக்கத்தில் ஏறும் என்று அவருக்குத் தெரியும், அதைத்தான் முதலில் அனுப்புவார். ஒன்பது மணிக்கு மேல் முன்பக்கத்தில் இடம் இருக்காது. பிறகு விளம்பரம். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளர் செலவழிக்கச் சட்டம் விட்ட உச்ச வரம்பு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய், மொத்தம் 186 கோடி ரூபாய்க்கு மேல். அந்த வரம்பில் பாதியைச் செலவழிக்கக்கூடியவரும் வீடு வீடாக நடந்து போகிறவரும் ஒரே தேர்தலில்தான் நிற்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் ஏன் இந்த இடைவெளி என்று வாவிக்கரையான் கேட்டதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உதயன், வலம்புரி என்று உள்ளூரிலேயே நாளிதழ்கள் அச்சாகின்றன. பொது வேட்பாளர் நல்லதோ கெட்டதோ, அங்கே தினமும் அதைப் பற்றிச் சண்டை நடந்தது. சண்டையும் அறிமுகம்தான். மட்டக்களப்பில் ஒருவர் காலையில் கையில் எடுப்பது பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரும் பத்திரிகை. கொழும்பு மேசையில் மட்டக்களப்பு எத்தனையாவது பக்கம் என்று எனக்குத் தெரியும்.

கந்தப்பளை மகள்

நீங்கள் எல்லோரும் தெரியாத வேட்பாளர் என்று அரியநேத்திரனைப் பற்றிக் கதைக்கிறீர்கள். அவருக்குப் பின்னால் கட்சிகள் இருந்தன, சிவில் அமைப்புகள் இருந்தன. அதே தேர்தலில் மலையகத்திலிருந்து மயில்வாகனம் திலகராஜ் சுயேச்சையாக நின்றார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நுவரெலியா மாவட்ட முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், எழுத்தாளர். காணி, வீடு, லயன் என்ற தோட்டத்து வரிசைக் குடியிருப்பு வாழ்க்கை, குடியுரிமை பறிக்கப்பட்டதின் தொடர்ச்சி, இதையெல்லாம் ஜனாதிபதித் தேர்தல் மேடையில் சொல்ல வேண்டும் என்று நின்றவர். எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியாது. அவர் பேசியது எங்களைப் பற்றி. அதுதான் எனக்கு இன்றுவரை நெஞ்சில் குத்துகிறது. வாக்குப் போடாமல் விடுவது வேறு, இப்படி ஒருவர் இருக்கிறார் என்றே தெரியாமல் விடுவது வேறு.

நல்லூரான்

மகள், திலகராஜ் விடயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். ஆனால் ஊடகத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். அந்த வாக்குச்சீட்டில் 39 பெயர்கள். ஒருவர் பிரசாரத்தின் இடையில் இறந்தும் போனார், ஆனாலும் பெயர் சீட்டில் இருந்தது. சீட்டு 27 அங்குல நீளம். அதில் எத்தனை பேர் உண்மையில் ஜனாதிபதி ஆவதற்காக நின்றவர்கள்? அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிடைக்கும் நேரத்துக்காகவும், வாக்கெண்ணும் இடத்தில் கூடுதல் முகவர்களை உட்காரவைக்கவும் பெரிய வேட்பாளர்களே டம்மிகளை இறக்குவது ஊரறிந்த சங்கதி. கட்சிக்காரர் 50 ஆயிரம், சுயேச்சை 75 ஆயிரம் கட்டுப்பணம் கட்டினால் போதும். 38 பேருக்கும் சம இடம் கொடுத்தால் வாசகர் ஒருவரையும் விளங்கிக்கொள்ளமாட்டார்.

அநுரவை மறக்க வேண்டாம். 2019இல் அவருக்கு 4,18,553 வாக்குகள், 3.16 வீதம். "மூன்று வீதக் கட்சி" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஐந்து வருடத்தில் 42 வீதம் எடுத்து ஜனாதிபதியானார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், தோல்விக்கு அடுத்த நாளே வேலையைத் தொடங்கினார்கள். நம்மவர்களோ ஆகஸ்ட் 8ஆம் தேதி பெயரை அறிவித்துவிட்டு செப்டம்பர் 21க்குள் இனத்தின் ஒற்றுமையைக் கேட்டார்கள். ஆறு வாரம்! குறை ஊடகத்திலா?

வாவிக்கரையான்

ஆறு வாரம் என்பது உண்மை ஐயா, அதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அநுர உதாரணம் முழுவதும் பொருந்தாது. இடையில் 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. எரிவாயு வரிசை, மின்வெட்டு, ஜனாதிபதி கோட்டாபய ஓடியது. பழைய முகங்கள் எல்லாம் விழுந்த இடத்தில் அவர்கள் நின்றார்கள். அந்த அலை இல்லாமல் கூட்டம் மட்டும் போட்டு 42 வந்திருக்குமா?

1982 கணக்கை எடுத்துத் தந்ததற்கு நன்றி. அது என் வாதத்துக்குத்தான் உதவுகிறது. அந்தத் தேர்தலில் வாக்குச்சீட்டில் ஆறே பெயர்கள். ஜே.ஆர்., கொப்பேகடுவ, விஜேவீர, கொல்வின், வாசுதேவ, குமார். ஆறில் ஒருவர் தமிழர் என்றால் அவரை யாரும் மறைக்க முடியாது. பத்திரிகை மறந்தாலும் சீட்டே அவரை அறிமுகம் செய்யும். 39 பெயர்களுக்குள் கண் தேடிப் போக வேண்டும். தேடுவதற்கு முதலில் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளவத்தை வாசகி

ஊடகம் செய்யத் தவறியதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஒரு வேட்பாளருக்கு எவ்வளவு இடம் கொடுத்தோம் என்பதை விட, வாக்களிக்கும் முறையையே நாங்கள் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நம் நாட்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை போடலாம். சங்குக்கு 1 போட்டு, சஜித்துக்கோ அநுரவுக்கோ 2 போட்டிருந்தால் அந்த வாக்கு எங்கும் வீணாகாது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், 2024இல்தான் வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் சுற்று எண்ணப்பட்டது. முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 லட்சத்துக்கும் மேல். அதிலிருந்து அநுரவுக்குப் போய்ச் சேர்ந்தது 1,05,264. சஜித்துக்கு 1,67,867. இரண்டையும் கூட்டினால் 2,73,131. அதாவது நூற்றில் எட்டு சீட்டில்தான் எண்ணக்கூடிய அடுத்த விருப்பு இருந்திருக்கிறது. வேண்டுமென்றே ஒன்றோடு நிறுத்தியவர்களும் இருப்பார்கள்தான், ஆனால் மிச்சம் தொண்ணூற்று இரண்டு சீட்டும் அப்படி என்று நான் நம்பவில்லை. "சின்ன ஆளுக்குப் போட்டால் வாக்கு வீண்" என்ற பேச்சு எல்லா ஊரிலும் ஓடியது. அது பொய் என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வாரம் தொடர்ந்து போட்டிருக்கலாம். நான் இருந்த காலத்திலும் இதை ஒரு பெட்டிச் செய்தியாகத்தான் போட்டோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நல்லூரான்

வாசகி, இந்த இடத்தில் நான் இறங்கி வருகிறேன். நான் நாற்பது வருடம் வாக்களித்தவன், ஒரு தடவையும் 2 போட்டதில்லை. யாரும் சொல்லித் தந்ததும் இல்லை.

ஆனால் மூல விடயத்தில் என் கருத்து மாறவில்லை. நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலைப் பாருங்கள். அதே மட்டக்களப்பு மக்கள் ஐந்து ஆசனத்தில் மூன்றைத் தமிழரசுக் கட்சிக்குக் கொடுத்தார்கள். சங்குச் சின்னத்தைப் பெற்றுக்கொண்ட ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு நாடு முழுவதும் ஓர் ஆசனம். இரண்டு மாதத்துக்குள் இரண்டு தீர்ப்பு, இரண்டிலும் சனம் தமிழரசுக் கட்சி காட்டிய பக்கம்தான் போனது.

வாவிக்கரையான்

ஐயா, வீடு என்ற சின்னத்தை எங்கள் தாத்தா காலத்திலிருந்து பார்க்கிறோம். கண்ணை மூடிக்கொண்டும் கீறுவார்கள். சங்கு ஐந்து வாரச் சின்னம். அதே சின்னத்தை நவம்பரில் வேறு கூட்டணி எடுத்ததும் எங்கள் ஊரில் பலர் குழம்பினார்கள். பழக்கம்தானே இங்கே வாக்கு. அதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன், செப்டம்பரில் யாருக்குப் போட்டீர்கள் என்று. எழுபத்திரண்டு வயது, ஒரு தேர்தலும் விட்டதில்லை. சொன்னார்: "சங்கைத் தேடினேன் மனே. சீட்டு மேசைக்கு வெளியே தொங்கியது. பின்னால் வரிசை நின்றது. கண்ணுக்கு முதலில் தெரிந்ததில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்." யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கந்தப்பளை மகள்

அண்ணா, அடுத்த தேர்தல் வந்தால் மாதிரி வாக்குச்சீட்டை முழு நீளத்தில் அச்சடித்து எங்கள் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையச் சுவரில் ஒட்டப் போகிறேன். எல்லாப் பெயரும் தெரியும்படி. வாசகி அக்கா, 1, 2, 3 போடும் முறையை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதித் தருவீர்களா? அதையும் பக்கத்தில் ஒட்டலாம்.

வெள்ளவத்தை வாசகி

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். நல்லூரான் ஐயா முதலில் வாசித்துப் பிழை பார்க்கட்டும்.