வெரிகோசில் ஆபரேஷன் செய்தால் டெஸ்டோஸ்டிரோன் ஏறுமா?

தறிக்காரன்:
வயது 31, விசைத்தறி வேலை. கல்யாணமாகி மூன்று வருடம், இன்னும் குழந்தை இல்லை. சாயங்காலம் ஆனால் இடது விதைப்பை கனத்து, கீழே இழுக்கிற மாதிரி வலிக்கும். தொட்டால் மண்புழு சுருண்டு கிடப்பதுபோல் தட்டுப்படும், படுத்தால் அடங்கிவிடும். டாக்டர் கிரேடு 3 வெரிகோசில், அதாவது விதைப்பைச் சிரை வீக்கம், என்றார். விந்தணு எண்ணிக்கையும் குறைவு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 262 (ng/dL). ஆபரேஷன் செய்தால் இது ஏறுமா? ஜிம்முக்குப் போகிற மச்சான், "எதுக்குக் கத்தி, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கலாம்" என்கிறான்.

பழைய நோயாளி:
தம்பி, எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீங்க? நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கொடுத்தேன், 240 வந்தது. இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. அப்புறம் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்தால் 318! இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம், அந்த லேபில் ஒருத்தரும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் 396. வலியும் போனது. ஆனால் மீசை ஒன்றும் கூடுதலாக முளைக்கவில்லை.

தறிக்காரன்:
ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்குக் கொடுத்தேன் அண்ணா.

தியேட்டர் நர்ஸ்:
அப்படியானால் அந்த 262-ஐ நம்பாதீர்கள். இரண்டு நாள் காலையில் எடுங்கள். இரண்டுமே 300-க்குக் கீழே இருந்தால்தான் குறைவு என்பார்கள்.

இடது விரையின் சிரை சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. வால்வு பழுதானால் ரத்தம் கீழே தேங்கி, விரை சூடாகும். விந்தணுவும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களும் அந்தச் சூட்டில் அடிவாங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு சராசரியாக 100 புள்ளி போல ஏறியதாக ஆய்வுகள் சொல்கின்றன. முன்பே குறைவாக இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பலன் அதிகம், நார்மலாக இருந்தவர்களுக்குப் பெரிதாக மாறாது. சிலருக்கு ஏறாமலும் போகும். ஆனால் உங்களுக்குக் குழந்தை இல்லை, எண்ணிக்கையும் குறைவு, சிரை கைக்கே தட்டுப்படுகிறது. ஆபரேஷனுக்கு அந்தக் காரணமே போதும். மைக்ராஸ்கோப் வைத்துச் செய்கிறார்களா என்று கேளுங்கள். தமனியும் நிணநீர்க் குழாயும் தப்பும், பின்னால் விதைப்பையில் நீர் கோர்ப்பதும் குறைவு. மறுபடி விந்து டெஸ்ட், ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான்.

ஊசி வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். இருக்கிற விந்தணுவும் பூஜ்யத்துக்குப் போகலாம். வீட்டம்மாவுக்கும் டெஸ்ட் எடுத்தாச்சா?

தறிக்காரன்:
அவளுக்கு எல்லாம் நார்மல் சிஸ்டர். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு லேபுக்குப் போகிறேன். அதுவரை மச்சான் போனை எடுக்கப் போவதில்லை.