எலக்ட்ரானின் பாதையை அறிந்தால் குறுக்கீட்டுப் பட்டைகள் ஏன் மறைகின்றன? விளக்க உதவுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், ஆறாம் படிவ மாணவர்கள் சிலருக்கு மாலை வேளையில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். 1989இல் ஜப்பானில் தோனோமுராவின் குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி, தனித்தனிப் புள்ளிகளாக விழுந்தவை மெல்ல மெல்லக் குறுக்கீட்டுப் பட்டைகளாக (அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது தோன்றும் வரிகளாக)த் திரண்டதைக் காட்டிய சோதனையைச் சென்ற வாரம் விளக்கினேன். எலக்ட்ரான் இரு வழிகளில் எந்த வழியாகச் சென்றது என்று கண்டறிந்தால் பட்டைகள் மறைந்துவிடும் என்றதும், ஒரு மாணவி, "பார்ப்பதால் அதற்கு என்ன ஆகிறது, ஐயா?" என்று கேட்டாள்.

பார்க்கப் பயன்படும் ஒளி மோதி எலக்ட்ரானைத் தள்ளிவிடுகிறது என்னும் வழக்கமான விடையைச் சொன்னேன். அது போதாது என்று பின்னர்தான் உணர்ந்தேன். 1998இல் ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் நகரில் ரூபிடியம் அணுக்களைக் கொண்டு நடந்த சோதனையில், எந்த வழி என்னும் பாதைத் தகவல் அணுவின் உள்நிலையிலேயே (அதன் உள் ஆற்றல் நிலையிலேயே) பதிக்கப்பட்டது. அதனால் நேர்ந்த உந்த மாற்றம் பட்டைகளை அழிக்க முடியாத அளவுக்கு மிகச் சிறியது. ஆயினும் பட்டைகள் மறைந்தன. ஆகவே, பாதையும் உள்நிலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே (ஒன்றை விட்டு மற்றதைத் தனியே விவரிக்க முடியாதபடி இணைவதே) காரணம் என்று புரிந்துகொள்கிறேன்.

அலைச்சார்பின் (துகளின் குவாண்டம் நிலையை விவரிக்கும் சார்பின்) கணிதத்தை இன்னும் தொடாத மாணவர்களுக்கு, தவறான உவமை எதுவும் கலக்காமல் இந்தப் பின்னலை எப்படி விளக்குவது? கற்பித்த அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து வழிகாட்டுங்கள். வரும் வெள்ளிக்கிழமை வகுப்பில் என் விடையைத் திருத்திச் சொல்ல வேண்டும்.