டொலரன்ஸ்: பொறையா, தாங்குதிறனா?

வெள்ளவத்தை, உயிரியல் ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்குச் சிமோன் சக்காகுச்சியின் ஆய்வு வாழ்க்கை பற்றி ஒரு பதாகை செய்கிறோம். மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025 மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்தவர். பரிசுக் குறிப்பில் வரும் 'பெரிபெரல் இமியூன் டொலரன்ஸ்' என்பதைத் தமிழில் எப்படி எழுதலாம்? உடலின் பாதுகாப்புத் தொகுதி தன் உடலையே தாக்காமல் இருப்பதுதான் அது. மாணவி ஒருத்தி 'நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை' என்று எழுதி வந்தாள். சக்காகுச்சி கண்டுபிடித்த 'ரெகுலேற்றரி ரி' கலத்துக்கும் (அந்தத் தாக்குதலைத் தடுக்கும் ஒருவகை வெண்குருதிக் கலம்) பெயர் வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ரீச்சர், சகிப்பு வேண்டாம். வடசொல் என்பது ஒரு காரணம். நல்லிணக்கச் சுவரொட்டிகளில் எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது என்பது மற்றது. நமக்குப் 'பொறை' இருக்கிறது. 'நிறு' என்பது 'நிறை' ஆவதுபோல, 'பொறு' என்பது 'பொறை' ஆகும். அகழ்வாரைத் தாங்கும் நிலத்தைச் சொல்லும் குறள் அதிகாரமே பொறையுடைமைதான். பொறைக்குச் சுமை என்றும் மலை என்றும் பொருள் உண்டு. சேரரின் இரும்பொறைப் பட்டமும் இதே வேரிலிருந்து வந்தது என்பது என் துணிபு. பாரம் சுமப்பது மலைதானே. ஆகவே 'நிர்ப்பீடனப் பொறை'. நிர்ப்பீடனம் என்பது பாடநூலில் இமியூனிற்றிக்கு உள்ள சொல்.

தெஹிவளை, மருத்துவர்:
சேர், சொல் அழகு. ஆனால் பொறுப்பது என்றால் சும்மா இருப்பது. சக்காகுச்சி கண்டது அதற்கு நேர்மாறு. பிறந்து மூன்று நாளில் தைமசை (ரி கலங்கள் முதிரும் நெஞ்சுச் சுரப்பி) அகற்றிய சுண்டெலிகளுக்குச் சூலகம் சிதைகிறது என்று நிஷிசுக்காவும் சக்காகுராவும் 1969 இல் எழுதியிருந்தார்கள். அதைத் தொடர்ந்தவர் இவர். 1970களில், மற்றக் கலங்களை அடக்குவதாகச் சொல்லப்பட்ட 'அடக்கி ரி கலம்' பற்றிப் பெரிய பேச்சு. 80களில் சான்று நிற்காமல் அந்தக் கருத்தையே கைவிட்டார்கள். இவர் விடவில்லை. 1995 இல், சீடீ25 புரதத்தை மேற்பரப்பில் கொண்ட ரி கலங்களை நீக்கிவிட்டு மிச்சத்தைத் தைமசு இல்லாத எலிக்கு ஏற்றினார். தைரொயிட், இரைப்பை என்று பல உறுப்புகளில் தன்நிர்ப்பீடன நோய், அதாவது உடல் தன்னையே தாக்கும் நோய், வந்தது. நீக்கியதையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் தடுக்கப்பட்டது. அந்தக் கலங்கள் ஓயாமல் மறித்துக்கொண்டே இருக்கின்றன. அது சொல்லில் தெரிய வேண்டும். 'அடக்கி' என்றும் எழுதாதீர்கள், அது பழைய கருத்தின் பெயர்.

பம்பலப்பிட்டி, மொழிபெயர்ப்பாளர்:
ரீச்சர், 'நோயெதிர்ப்பு' இங்கே பொருந்தாது. தன் உடலையே தாக்கும்போது எதிர்க்கப்படும் நோய் எது? நிர்ப்பீடனம் வடசொல்தான், ஆனாலும் நம் பாடநூலில் பிள்ளைகள் படிக்கும் சொல். ஒட்சிசன் என்று எழுதிப் பழகியவர்களுக்கு அது பாரமில்லை. பெரிபெரலுக்குச் 'சுற்றயல்' இருக்கிறது, நரம்புத் தொகுதிப் பாடத்தில் வருகிறதே. கலத்துக்குச் 'சீராக்கி' வேண்டாம், பௌதிகத்தில் மின்னோட்டத்தைச் சீராக்குவது அது. 'ஒழுங்காக்கும் ரி கலம்' போதும். டொலரன்ஸுக்குத் 'தாங்குதிறன்'. டொக்டர், தாங்குதல் என்றால் சுமப்பது மட்டுமில்லை. குறளின் படைமாட்சி அதிகாரத்தில் 'தார்தாங்கி' என்று வருகிறது, அங்கே எதிரியின் முன்படையைத் தடுத்து நிறுத்துவதுதான் தாங்குவது.

கொட்டாஞ்சேனை:
தம்பி, மேற்கோள் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைய பிள்ளைக்குத் தாங்குதிறன் என்றால் பாலம் எத்தனை தொன் தாங்கும் என்பதுதான் மனதில் வரும். மருந்து பழகிப்போவதற்கும் அதையே எழுதுகிறோம். பொறை இன்னும் எந்தப் பாடத்துக்கும் போகாத சொல். புதுப் பொருளை அதில் ஏற்றலாம்.

வெள்ளவத்தை:
வகுப்பில் இரண்டையும் எழுதிக் காட்டினேன். பொறையைப் பலர் 'பாறை' என்று வாசித்தார்கள். பதாகையில் 'சுற்றயல் நிர்ப்பீடனத் தாங்குதிறன்', 'ஒழுங்காக்கும் ரி கலம்' என்று போடுகிறேன். சேர், கோபிக்க வேண்டாம்.

தெஹிவளை:
ரீச்சர், பதாகைக்குச் சரி. ஆனால் என் நோயாளிகளுக்கான குறிப்பில் 'தன்தாக்குத் தடை' என்றுதான் எழுதுவேன். பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001 இல் காட்டிய பொக்ஸ்பி3 பரம்பரையலகு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைக்குக் குடல், தோல், சதையி எல்லாம் தாக்கப்படும். அந்தப் பரம்பரையலகுதான் இந்தக் கலங்களை உருவாக்குகிறது என்று 2003 இல் இணைத்தவர் சக்காகுச்சி. அந்தத் தாயிடம் போய் 'தாங்குதிறன் இல்லை' என்றால், பிள்ளை பலவீனம் என்றுதான் விளங்கிக்கொள்வார்.

கொட்டாஞ்சேனை:
டொக்டர், 'தன்தாக்கு' வினைத்தொகையா, வேற்றுமைத்தொகையா? அதைத் தெளிவாக்கிவிட்டு எழுதுங்கள். நான் பொறையை விடவில்லை.