ஓவர்ஹால்: "புதுப்பித்தல்" சரியா? (கலைச்சொல் விவாத இழை)

பொருள்: ஓவர்ஹால் – சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

சிறு விமானம் புதிதாக வாங்கியவர்களுக்கான பராமரிப்புக் கையேட்டின் வரைவில் ஓவர்ஹால் (என்ஜினைப் பிரித்து, ஆய்ந்து, மறுபடி பூட்டும் வேலை) என்பதற்குப் "புதுப்பித்தல்" என்று போட்டிருக்கிறது. இந்தச் சொல்லை நாம் ஏற்கக் கூடாது என்று வலியுறுத்தவே எழுதுகிறேன். "புதுப்பித்த என்ஜின்" என்று படிப்பவர் புது என்ஜினுக்கு நிகரான ஒன்றை வாங்குவதாக நினைப்பார். ஓவர்ஹால் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து விதிகளில் 43.2 பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு பொருளை ஓவர்ஹால் செய்ததாகப் பதிய வேண்டுமென்றால் அதைப் பிரித்து, சுத்தம் செய்து, ஆய்ந்து, தேவைப்பட்ட இடத்தில் பழுது நீக்கி, மறுபடி பூட்டி, ஏற்கப்பட்ட அளவுகோல்படி சோதித்திருக்க வேண்டும். "புதிதுபோல்" என்ற நிபந்தனை அங்கே கிடையாது. அதே பிரிவில் ரீபில்ட் என்பது தனியாக வருகிறது. அதில்தான் புதுப் பொருளுக்குரிய இசைவளவுகளையும் எல்லைகளையும் எட்ட வேண்டும். பழைய மணிக்கணக்கைச் சேர்க்காமல் புதுப் பதிவேடு தொடங்கும் சலுகையும் ரீபில்ட்டுக்கு மட்டும்தான். அதையும் உற்பத்தியாளரோ அவர் ஒப்புதல் பெற்ற நிறுவனமோதான் செய்யலாம். ஓவர்ஹால் ஆன என்ஜினின் மொத்த மணிக்கணக்கு அறுபடாமல் தொடரும்.

நடைமுறையில் இந்த வேறுபாடு பெரிது. உற்பத்தியாளரின் அளவு அட்டவணையில் ஒவ்வொரு இடைவெளிக்கும் இரண்டு எல்லைகள் இருக்கும்: புதுப் பாகத்துக்கு ஒன்று, பயன்பாட்டிலிருக்கும் பாகத்துக்கு ஒன்று. ஒரு புஷ் (தண்டு சுழலும் துளைக்குள் இருக்கும் சிறு குழல்) புது எல்லையைத் தாண்டித் தேய்ந்து, பயன்பாட்டு எல்லைக்குள் இருந்தால், அதையே திரும்பப் போட்டுப் பூட்டலாம். அதுவும் முறையான ஓவர்ஹால்தான். ஆனால் அந்த என்ஜின் தன் ஓட்டத்தையே பாதித் தேய்மானத்தில் தொடங்குகிறது.

"பிரித்தமைப்பு" என்பது என் பரிந்துரை. ரீபில்ட்டுக்குப் "புத்துருவாக்கம்" என வைத்துக்கொள்ளலாம்.

---

மறு: ஓவர்ஹால் – சொல் தேவை

ஐயா, வணக்கம்.

> "பிரித்தமைப்பு" என்பது என் பரிந்துரை.

பட்டறையில் "பிரிச்சு மாட்டுறது" என்று சொல்வார்கள். உங்கள் சொல் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் நாவில் எளிதாக உட்காரும். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. கெட்ட மேக்னெட்டோவை (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) கழற்றி, ஒரு பாகத்தை மாற்றித் திரும்பப் பூட்டினாலும் அது பிரித்து மாட்டியதுதானே? ஓவர்ஹாலின் உயிர் அளப்பதில் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் ஜர்னல்களை (பேரிங்கில் அமர்ந்து சுழலும் பகுதிகளை) மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். எஃகுப் பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று காந்தத்துகள் சோதனையிலும், அலுமினியக் கிராங்க் கேஸில் ஒளிரும் சாயம் ஊடுருவவிட்டும் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் கட்டாயம் மாற்றியாக வேண்டிய பாகங்களும் உண்டு. என்ஜின் உற்பத்தியாளரான லைகாமிங்கின் 240ஆம் எண் சர்வீஸ் புல்லட்டின் (பராமரிப்பு அறிவிப்பு) அந்தப் பட்டியலைத் தருகிறது: பிஸ்டன் ரிங்குகள், பேரிங்குகள், எக்ஸாஸ்ட் வால்வுகள், கனெக்டிங் ராடு போல்ட்டுகள், சீல்கள், கேஸ்கட்டுகள் என்று அது நீளும்.

என்ஜின் வாங்குபவர் பதிவேட்டைப் புரட்டும்போது தேட வேண்டியது இந்தத் தாள்களைத்தான்: அளவுக் குறிப்புகள், மாற்றிய பாகங்களின் எண்கள், விரிசல் சோதனைச் சான்று. "ஓவர்ஹால் செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. ஆகவே "அள" என்ற வேர் சொல்லுக்குள் இருக்க வேண்டும். "பிரித்தளந்தமைப்பு" எப்படி?

---

மறு: மறு: ஓவர்ஹால் – சொல் தேவை

நண்பர்களே,

"பிரித்தளந்தமைப்பு" பொருளில் நிறைவானது, வாயில் நிற்காது. கலைச்சொல் வரையறையைச் சுட்டினால் போதும். அத்தனை படிகளையும் தானே சுமக்க வேண்டியதில்லை. அளப்பது, சோதிப்பது எல்லாம் சொல்லின் கீழே வரும் விளக்கத்தில் இருக்கட்டும்.

"பிரித்தமைப்பு" என்பதை நான் ஆதரிக்க இன்னொரு காரணமும் உண்டு. அதே "பிரித்து" என்ற அடியிலிருந்து, நமக்கு அவசரமாகத் தேவைப்படும் வேறொரு சொல்லும் கிடைக்கிறது. ப்ரொப்பெல்லர் தரையில் இடித்துவிட்டால் என்ஜினைத் திறந்து பார்க்கிறார்களே, அந்த டியர்டவுன் வேலைக்குப் "பிரித்தாய்வு". இது ஓவர்ஹால் ஆகாது. மோதலால் கெட்டதா என்று தேடுவதே இதன் நோக்கம்; தேய்மானத்தைச் சரிசெய்வது அன்று.

புதிதாக வாங்கியவர்கள் ஏமாறும் இடம் இது. இறகின் முனை லேசாக வளைந்தது, நிமிர்த்தியாயிற்று, என்ஜின் சீராக ஓடுகிறது என்பார்கள். லைகாமிங்கின் வரையறைப்படி, என்ஜின் ஓடாமல் நின்றிருந்தபோது எதுவோ இடித்து, இறகில் சிறு அரம் போடுவதற்கு மேல் பழுதுவேலை தேவைப்பட்டாலும் அது ப்ரொப்பெல்லர் மோதல்தான். மோதலின் திடீர் முறுக்கம் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் உள்ள கியரையும், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டையும், இடம் நிறுத்தும் டவல் முளையையும் தாக்குகிறது. அந்த கியர் கழன்றால் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஆயில் பம்ப், மேக்னெட்டோக்கள் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். பறக்கும் என்ஜின் அந்த நொடியே அணைந்துபோகும். லைகாமிங்கின் நேரடி இயக்க என்ஜின்களுக்கு (ப்ரொப்பெல்லர் நேராகக் கிராங்க் ஷாஃப்ட்டில் பூட்டியவை) இந்த இடத்தைத் திறந்து பார்ப்பதும் போல்ட்டையும் பூட்டுத்தகட்டையும் மாற்றுவதும் அமெரிக்க அரசின் 2004-10-14 எண்ணுள்ள வான்தகுதி ஆணையால் கட்டாயம். அதற்காக என்ஜின் முழுவதையும் பிரிக்க வேண்டும் என்று ஆணை சொல்லவில்லை. முழுப் பிரித்தாய்வை உற்பத்தியாளர் தன் புல்லட்டினில் கேட்கிறார். பதிவேட்டில் ப்ரொப்பெல்லர் மாற்றிய குறிப்பு இருந்து, அதே தேதியில் என்ஜின் பற்றி ஒன்றும் இல்லையென்றால், ஏன் மாற்றினார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

---

மறு: ஓவர்ஹால் – டாப் ஓவர்ஹாலுக்கு என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

பிரித்தாய்வு அருமையான சொல். ஆனால் விற்பனை விளம்பரங்களில் அதிகக் குழப்பம் தருவது டாப் ஓவர்ஹால், அதாவது சிலிண்டர்களை மட்டும் சரிசெய்வது. முழு என்ஜினுக்கும் செய்வது மேஜர் ஓவர்ஹால். மேஜர் ஓவர்ஹாலுக்குப் பிறகான மணியையும் டாப் ஓவர்ஹாலுக்குப் பிறகான மணியையும் ஓரெழுத்து மட்டும் மாறும் சுருக்கங்களால் (SMOH, STOH) குறிக்கிறார்கள். அவசரத்தில் படிப்பவர் 1,700 மணி ஓடிய அடிப்பகுதியை 200 மணி என்ஜின் என்று எடுத்துக்கொள்வார். "மேற்பிரித்தமைப்பு" என்று நேராகப் பெயர்த்தால் அதே குழப்பம் தமிழுக்கும் வந்துவிடும். "சிலிண்டர் வேலை" என்று வைத்தால் போதும் என்பேன். அதில் பிரித்தமைப்பு என்ற சொல்லே வரக் கூடாது.

நடப்பதும் அதுதான். சிலிண்டர்களைக் கழற்றி வால்வு, கைடு, ரிங் சரிசெய்கிறார்கள். கிராங்க் கேஸ் திறக்கப்படுவதில்லை. பெரும்பாலான லைகாமிங் என்ஜின்களில் டாப்பெட்டின் (கேம் முனை தள்ளும் சிறு உருளை) முகம் காளான்போல் விரிந்திருப்பதால் கேஸைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 1977 முதல் செஸ்னா 172என் மாதிரியில் வந்த ஓ-320-ஹெச்2ஏடி இதற்கு விலக்கு. ஆனால் அந்த என்ஜின் கேம், டாப்பெட் தேய்மானத்துக்கே பேர்போனது. சிலிண்டர் கழன்றிருக்கும் நேரத்தில் டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துக் கேம் முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வாய்ப்பு மறுபடி எளிதில் வராது.

இன்னொரு எச்சரிக்கை. சிலிண்டரை இறுக்கும் நீண்ட போல்ட்டுகளே கிராங்க் கேஸின் இரு பாதிகளையும் அழுத்திப் பிடித்து, மெயின் பேரிங்குகளை இடத்தில் நிறுத்துகின்றன. எல்லாச் சிலிண்டர்களையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டு, பதில் தகடு போட்டு இறுக்காமல் ப்ரொப்பெல்லரைச் சுழற்றினால் பேரிங் நகர்ந்து எண்ணெய்த் துளை மறையலாம். நான்கில் ஒன்று கெட்டிருந்தால் அந்த ஒன்றை மட்டும் சரிசெய்வதே என்ஜினுக்கு நல்லது.

---

மறு: மறு: ஓவர்ஹால் – டிபிஓ

அன்பர்களே,

சிலிண்டர் வேலை என்பதை முழுமனதாக ஏற்கிறேன். டிபிஓ (இரு ஓவர்ஹால்களுக்கு இடைப்பட்ட காலம்) என்ற சுருக்கத்துக்குப் "பிரித்தமைப்பு இடைவெளி" என்று மட்டும் எழுதினால், மருந்து உறையின் காலாவதித் தேதிபோல் படிக்கப்படும். "பரிந்துரைக்கும் பிரித்தமைப்பு இடைவெளி" என்று முழுதாக எழுதுவோம். பல லைகாமிங் ஓ-320, ஓ-360 வகைகளுக்கு அது 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரை இந்த எண் சட்டப்படி கட்டுப்படுத்தாது. என்ஜினின் நிலையைப் பார்த்து ஓட்டலாம். ஆன் கண்டிஷன் என்று சொல்கிறார்களே, அதற்கு "நிலைசார் பராமரிப்பு".

மணிக்கணக்கை மட்டும் பார்த்து 12 ஆண்டை மறப்பவர்கள் அதிகம். லைகாமிங்கில் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் நின்றால் எண்ணெய் வடிந்து, கேம் முனையில் ஈரம் பட்டுத் துரு குழி விழும். பிறகு ஓடும்போது மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது கெடுதலைக் கூட்டும்: எரிதலில் பிறந்த நீர் எண்ணெயில் சேரும், அதை விரட்டும் அளவுக்குச் சூடு ஏறாது. எண்ணெய் சுமார் 82 டிகிரி செல்சியஸ் எட்டி, அரை மணிக்குக் குறையாமல் பறந்தால்தான் ஈரம் போகும். எண்ணெய் மாற்றத்துக்கும் நாள் கணக்கு உண்டு: முழு ஓட்ட ஃபில்டர் இருந்தால் 50 மணி, வலை மட்டும் இருந்தால் 25 மணி, இரண்டிலும் நான்கு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஃபில்டரை அறுத்து, மடிப்புத்தாளை விரித்து, காந்தம் காட்டிப் பாருங்கள். ஒட்டும் மினுக்கு எஃகு. கேம், டாப்பெட் மேல் சந்தேகம் வர வேண்டும். ஒட்டாததில் அலுமினியம் என்றால் பிஸ்டனையும் பிஸ்டன் பின்னின் முனை மூடியையும் பாருங்கள். மறு ஃபில்டரில் குறைகிறதா, கூடுகிறதா என்பது முதல் துணுக்கைவிட முக்கியம்.

காற்றழுத்தக் கசிவுச் சோதனையில் 80 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்துச் சிலிண்டர் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கிறோம். 60க்குக் கீழே வந்தால் உடனே கழற்ற வேண்டாம். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் என்றால் ரிங். ரிங் என்றால் ஒரு முறை பறந்து, சூட்டோடு மறுபடி அளந்தால் பல நேரம் எண் ஏறிவிடும். எக்ஸாஸ்ட் வால்வு கசிந்தால் போரோஸ்கோப் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் கருவி) விட்டு வால்வின் முகத்தைப் பாருங்கள். ஓரம் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருந்தால் அது எரியத் தொடங்கிவிட்டது, தள்ளிப்போடக் கூடாது. சோதனையில் ப்ரொப்பெல்லரைப் பிடிக்கத் தனி ஆள் வேண்டும்; பிஸ்டன் மேல்முனையிலிருந்து சற்று விலகினாலும் 80 பி.எஸ்.ஐ. இறகை வீசிவிடும்.

ஒரே மாதிரி விமானம் வைத்திருப்போரின் சங்கங்களில் உதவி கேட்பவர்கள் "என்ஜின் சரியில்லை, ஓவர்ஹால் செய்யணுமா?" என்று மட்டும் எழுதுகிறார்கள். என்ஜின் மாதிரி எண், மொத்த மணி, பிரித்தமைப்புக்குப் பின் மணி, சிலிண்டர் வேலைக்குப் பின் மணி, கடைசி இரண்டு அழுத்த அளவுகள், ஒரு குவார்ட் எண்ணெய் எத்தனை மணிக்கு வருகிறது, ஃபில்டரின் படம் — இவற்றைத் தந்தால் அனுபவமுள்ளவர்கள் அன்றே வழி சொல்லிவிடுவார்கள். கையேட்டில் இதற்கு ஒரு படிவமே போடலாம்.

---

மறு: ஓவர்ஹால் – முடிவு வரைவு

படிவ யோசனையை எடுத்துக்கொள்கிறோம். மேக்னெட்டோவுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் பிரித்தமைப்பு பொருந்துகிறதா என்று பார்த்தேன். ப்ரொப்பெல்லரை ஹப் (இறகுகள் பொருந்தும் நடுப்பகுதி) வரை பிரித்து, இறகின் அகலமும் தடிமனும் அளந்து, துரு நீக்கி, சமநிலை பார்த்துப் பூட்டுகிறார்கள், பொருந்துகிறது. மேக்னெட்டோவின் 500 மணிச் சோதனை ஆய்வு மட்டுமே, அதைப் பிரித்தமைப்பு என்று எழுத வேண்டாம்.

அகராதிப் பதிவு இப்படிப் போகிறது:

பிரித்தமைப்பு – பிரித்து, சுத்தம் செய்து, அளந்து ஆய்ந்து, பழுது நீக்கி, பூட்டி, சோதித்தல். புது எல்லைக்கா, பயன்பாட்டு எல்லைக்கா என்பதைப் பதிவில் தனியே குறிக்க வேண்டும். மணிக்கணக்கு தொடரும். வினை: பிரித்தமை.

எதிர்ப்பு இருந்தால் எல்லை பற்றிய வாக்கியத்தைக் குறித்துச் சொல்லுங்கள். அது பதிவில் இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் சொற்கள் இன்னும் குறையலாம்.