புதுப்பிப்பு: ரோஸ்ட்டுக்குக் கறிக்கடை கிடைத்துவிட்டது

பண்டிகை ரோஸ்ட்டுக்கு முழு ஆட்டுத்தொடை வேண்டும், பக்கத்தில் நல்ல கறிக்கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தேன் இல்லையா? கூட்டமில்லாத நாளில் போய்ப் பேசிப் பாருங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான் பலித்தது.

இந்தக் கடைக்காரர் விலையைச் சொல்லும் முன்பே, எத்தனை பேர், ஓவன் எவ்வளவு பெரிது என்று விசாரித்தார். அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நேரமெடுத்து மெதுவாக வேகவைப்பதென்றால் முன்னஞ்சப்பை, அதாவது முன்னங்காலின் தோள்பகுதி. அதன் சவ்வெல்லாம் உருகிக் கறி பஞ்சாகிவிடும். அழகாகத் துண்டு போட்டுப் பரிமாறத் தொடைதான் சரி என்றார். எலும்போடு, மேல்கொழுப்பைச் சீவாமல் வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெப்பநிலை கேட்டவர்களுக்கு: நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் தொட்டபின் வெளியே எடுத்து, குறைந்தது 3 நிமிடம் அப்படியே விட வேண்டும். பெரிய தொடைக்கு நான் இன்னும் அதிகமாகவே விடுவேன்.

அப்புறம், சூப்புக்கு எலும்பு சும்மாவே தருகிறாராம்!